‘டர்போ போச்சு சார்!’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்: பழைய டீசல் கார் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பத்து வருடம் ஓடிய டீசல் ஸ்விஃப்ட் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நல்ல மைலேஜ், லோனும் முடிந்துவிட்டது, ஊருக்குப் போக வர அதுதான் துணை. ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்க மறுக்கிறது. பின்னால் கரும்புகை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஷெட்டில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்: “டர்போ போச்சு சார். மாத்திடலாம்.” எவ்வளவு ஆகும் என்று கேட்டால், அந்த மாத பட்ஜெட்டே கவிழ்ந்துவிடும் போலிருக்கிறது.

இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். “சரி, மாத்துங்க” என்று தலையாட்டுகிறோம். இல்லாவிட்டால், “வந்த விலைக்கு வித்துடலாம்” என்று முடிவெடுக்கிறோம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. “ஏன் போச்சு?” என்று கேட்பது.

பழைய டர்போ கார் வைத்திருப்பவர் எல்லா வேலையையும் தானே செய்ய வேண்டியதில்லை. ஆனால், இந்தக் கேள்விக்கான பதிலில் பாதியையாவது சொந்தமாகக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது அப்படியொன்றும் கஷ்டமான வித்தை இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2007-ல் மாருதி ஸ்விஃப்டில் டீசல் எஞ்சின் வந்தது. 1,248 சிசி, 75 குதிரைத்திறன். எஞ்சின் ஃபியட்டுடையது, மாருதி அதை ‘டிடிஐஎஸ்’ என்றது, டாடா ‘குவாட்ராஜெட்’ என்றது, ஃபியட் ‘மல்டிஜெட்’ என்றது. டிசையர், எர்டிகா, சியாஸ், விஸ்டா, மான்ஸா, புன்ட்டோ, லீனியா என்று அந்த ஒரே எஞ்சின் பல பானெட்களுக்குள் உட்கார்ந்தது. ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனால், அதற்கு முன் விற்ற வண்டிகள் எங்கும் போய்விடவில்லை. இன்றைக்கும் சாலையில் இருக்கின்றன. பல கைகள் மாறி, முதல் கார் வாங்கும் இளைஞர்களிடம் வந்து சேர்கின்றன. அவற்றின் சர்வீஸ் வரலாறு பல நேரம் விற்றவருக்கே தெரியாது. ஆகவே, ‘டர்போ போச்சு’ என்ற வசனத்தை நீங்களும் ஒருநாள் கேட்கும் வாய்ப்பு அதிகம்.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தான் போகிறது. அந்த ஓட்டத்தை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் அதிக டீசலை எரிக்கலாம். அதிகச் சக்தி கிடைக்கும். அமுக்கப்பட்ட காற்று சூடாகிவிடுவதால், போகும் வழியில் ‘இன்டர்கூலர்’ என்ற ரேடியேட்டர் போன்ற பாகத்தில் குளிர்விக்கிறார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905-ல்.

பலன் எவ்வளவு தெரியுமா? டர்போ இல்லாத பழைய டாடா இண்டிகா டீசலை ஞாபகம் இருக்கலாம். 1,405 சிசி எஞ்சினில் கிடைத்தது சுமார் 53 குதிரைத்திறன். அதைவிடச் சின்னதான ஸ்விஃப்ட் எஞ்சின் 75 தருகிறது.

இதற்கான விலையும் உண்டு. இப்படிச் சின்ன காரில் இருக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். அதாவது ஒரு நொடியில் மூவாயிரத்துக்கும் மேல். இந்த வேகத்தில் அந்தத் தண்டைத் தாங்கிப் பிடித்திருப்பது, மெல்லிய ஆயில் படலம். தண்டு ஆயிலில் மிதக்கிறது என்றே சொல்லலாம். எஞ்சினில் ஓடும் அதே ஆயில்தான் ஒரு மெல்லிய குழாய் வழியாக டர்போவுக்கும் போகிறது. அதை வழுக்க வைப்பதும் குளிர்விப்பதும் அதுவே.

இதைப் புரிந்துகொண்டால், மீதி எல்லாம் எளிது.

டர்போ தானாகச் சாவதில்லை

டர்போ பழுதுக்குப் பெரும்பாலும் காரணம் டர்போவுக்கு வெளியே இருக்கிறது. ஆயில் போதுமான அளவு வரவில்லை, ஆயில் அழுக்காக இருந்தது, ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசியோ வேறு பொருளோ உள்ளே போனது, அளவு மீறிச் சூடானது. இந்த நான்குதான் முக்கியக் காரணங்கள்.

இங்கேதான் “ஏன் போச்சு?” என்ற கேள்வியின் மதிப்பு தெரிகிறது. ஆயில் குழாய்க்குள் கரி அடைத்துக்கொண்டதால் டர்போ போயிருந்தால், குழாயைச் சுத்தம் செய்யாமல் புது டர்போவை மாட்டுவதில் அர்த்தமே இல்லை. அதுவும் ஆயில் இல்லாமல் காய்ந்து சாகும். பழைய டர்போவின் உடைந்த துணுக்குகள் இன்டர்கூலருக்குள் கிடந்தால், அவை எஞ்சினுக்குள் போகும். அப்புறம் “புது டர்போவும் சரியில்லை” என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

நிஜமாகவே டர்போவை மாற்ற வேண்டி வந்தால், வேலையை மெக்கானிக்கிடமே கொடுங்கள். ஆனால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றினீர்களா? ஆயில் வரும் குழாயை மாற்றினீர்களா, குறைந்தபட்சம் சுத்தம் செய்தீர்களா? இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே பார்த்தீர்களா? ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றினீர்களா? கடைசியாக, “பழைய டர்போவை என்கிட்ட கொடுத்துடுங்கண்ணே” என்றும் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். ‘விஷயம் தெரிஞ்ச ஆளு’ என்று கூடுதல் கவனத்தோடுதான் வேலை பார்ப்பார்.

உங்கள் கைக்கு எட்டும் மூன்று வேலைகள்

முதல் வேலை, ஆயில். மாதம் இருமுறை, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, அதிகமானாலும் ஆபத்து. ஆயில் கருப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். அளவு வேகமாகக் குறைகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இந்த 1.3 லிட்டர் எஞ்சினுக்குத் தேவை மூன்று லிட்டரும் கொஞ்சமும்தான். கம்பெனி சொல்லும் இடைவெளி 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வரலாறு தெரியாத பழைய வண்டி, தினமும் நகர நெரிசல் என்றால், அதற்கும் முன்பே மாற்றுவது புத்திசாலித்தனம் என்பேன். எந்த கிரேடு ஆயில் என்பதை மேனுவலில் பார்த்து வாங்குங்கள். ‘எல்லாத்துக்கும் இதான் போடுறோம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்தச் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும்கூட இதே ஆயிலை நம்பித்தான் வாழ்கின்றன. ஆயில் செலவில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று இப்போது புரியும்.

நீங்களே ஆயில் மாற்றினால், பழைய ஆயிலைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள். 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் சேர்த்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, காற்று போகும் பாதை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூடத் தனித்திறமை தேவையில்லை. பெட்ரோல் பங்கில் ‘ஏர் அடிச்சு’ப் பேப்பர் ஃபில்டரைச் சுத்தம் செய்யும் பழக்கம் நம்மூரில் உண்டு. அந்த அழுத்தத்தில் பேப்பர் கிழிந்தால், தூசி நேராக டர்போவின் சக்கரத்தில் மோதும். புது ஃபில்டரே போடுங்கள். டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

அப்படியே, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். எஞ்சின் அணைந்து, நன்றாக ஆறியிருக்க வேண்டும். பத்து வருட வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும். வெடிப்பு இருக்கும் இடத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டி ஈரமாகத் தெரியும். முதலில் சொன்ன மேம்பாலக் காட்சிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அமுக்கிய காற்று வெடிப்பு வழியாக வெளியேறிவிடுகிறது. டீசல் மட்டும் கணக்குப்படி போகிறது. எரியக் காற்று போதாமல் கரும்புகை வருகிறது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ‘புஸ்ஸ்’ என்ற சத்தமும் கேட்டால் சந்தேகம் உறுதி. இப்போது யோசியுங்கள்: ஒரு ஹோஸும் கிளாம்பும் மாற்ற வேண்டிய இடத்தில் டர்போவையே மாற்றியிருந்தால்?

இன்னொன்று. ஹோஸைக் கழற்றும்போது உள்ளே லேசான ஆயில் பூச்சு தெரிந்தால், ‘டர்போ ஆயில் கக்குது’ என்று முடிவுகட்ட வேண்டாம். எஞ்சினின் பிரீதர் குழாய் வழியே வரும் ஆயில் ஆவி அது. மெல்லிய படலம் சகஜம். ஊற்றினால் வழியும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் பிரச்சினை.

மூன்றாவது வேலை, வண்டி சொல்வதைப் படிப்பது. 2013 ஏப்ரல் முதல் இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தச் சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகினால், எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறது என்பதை உங்கள் போனே காட்டும். அதற்கு முந்தைய வண்டிகளில் இது முழுமையாக வேலை செய்யாமல் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: கோடு என்பது தீர்ப்பு அல்ல, புகார் மட்டுமே. ‘பி0299’ என்று வந்தால் ‘பூஸ்ட் குறைவாக இருக்கிறது’ என்று பொருள். ‘டர்போவை மாற்று’ என்று அதற்குப் பொருள் இல்லை. ஹோஸ் வெடித்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், சென்சார் பொய் சொல்லலாம். 90 குதிரைத்திறன் வகையில் வேக்யூம் குழாய் கிழிந்திருக்கலாம், டர்போவுக்குள் இருக்கும் இறகுகள் கரி பிடித்து இறுகியிருக்கலாம். டர்போ நிஜமாகவே போயிருப்பது இந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். மலிவானதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் முறை. ஐடியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தினமும் ஆபீஸில் செய்யும் டீபக்கிங்தான் இது.

புகையின் நிறம் என்ன?

கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஹோஸ், ஃபில்டர், இஜிஆர் வால்வு, இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டர்போ சீலும் காரணமாகலாம், பிஸ்டன் ரிங்கும் காரணமாகலாம். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால், எரியாத டீசலோ உள்ளே கசியும் கூலன்ட்டோ காரணமாக இருக்கலாம். ஆம்புலன்ஸ் சைரன்போல ஊளைச் சத்தம் கேட்டால், டர்போவின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இதில் நீலப் புகையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. டர்போ சீல் மொத்தமாக விட்டுவிட்டால், டீசல் எஞ்சின் தன் சொந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்து, கிளட்ச்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். முடியாவிட்டால், வண்டியை விட்டு விலகி நிற்பதே நல்லது.

எங்கே கையை எடுக்க வேண்டும்?

சொந்தமாகச் செய்வதில் ஆர்வம் வந்துவிட்டால், எல்லை தெரியாமல் போவதும் உண்டு. யூடியூபில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பத்து மணி நேரம் எடுக்கும். நேரத்தைவிட உயிர் முக்கியம்.

பழைய டீசல் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் வழக்கம் உண்டு. காமன்ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இருப்பது ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தம். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசிமுனைக் காயமாகத்தான் தெரியும், ஆனால் அவசர சிகிச்சை தேவைப்படும்.

அதேபோல, காரோடு வரும் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். அது டயர் மாற்றத்தான். அடியில் வேலை என்றால் ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். உயர் அழுத்த டீசல் லைன், டைமிங் செயின், டர்போ கழற்றுதல் ஆகிய மூன்றையும் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்பேனரே பிடிக்காமல் செய்யக்கூடிய பராமரிப்பும் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறும விடாதீர்கள். ஆயில் டர்போவரை போய்ச் சேர அவகாசம் கொடுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, டீக்கடையைப் பார்த்ததும் பட்டென்று எஞ்சினை அணைக்காதீர்கள். சூடான டர்போவுக்குள் நின்றுவிடும் ஆயில் வெந்து கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

‘பழைய டீசலை வைத்திருப்பதே தப்பில்லையா?’

நியாயமான கேள்வி. பழைய டீசல் வண்டி, புதிய பிஎஸ்-6 வண்டியைவிட அதிகம் மாசுபடுத்தும் என்பதில் சந்தேகமில்லை. டெல்லியில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டதற்குக் காரணமும் அதுவே. மற்ற இடங்களில் 15 வருடம் முடிந்ததும் தகுதிச் சோதனை செய்து, பதிவை 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். கார்களுக்கான அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

ஓட அனுமதி இருக்கும்வரை, அதை ஒழுங்காக ஓட வைப்பது நம் பொறுப்பு என்பது என் நிலைப்பாடு. வெடித்த ஹோஸோடு கரும்புகை கக்கும் வண்டிக்கும், அதே வயதுடைய பராமரித்த வண்டிக்கும் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். “இஜிஆரை அடைச்சுடலாம், ரீமேப் பண்ணிடலாம், பிச்சுக்கும்” என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டுப் பாகத்தை முடக்குவது ரிப்பேர் ஆகாது. அதன் கெடுதியைச் சுவாசிப்பது பின்னால் பைக்கில் வருபவர்.

மேனுவல் யாருக்குச் சொந்தம்?

கடைசியாக ஒரு விஷயம். காரணம் கண்டுபிடியுங்கள் என்று வாடிக்கையாளரிடமும், தெருமுனை மெக்கானிக்கிடமும் சொல்வது எளிது. அதற்குத் தேவையான தகவல் அவர்கள் கையில் இருக்க வேண்டுமே? எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எந்த சென்சாரில் என்ன வோல்டேஜ் வர வேண்டும் என்பதெல்லாம் ஒர்க் ஷாப் மேனுவலில் இருக்கிறது. அந்த மேனுவலும், கம்பெனியின் ஸ்கேனரும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவேதான், அனுபவமுள்ள மெக்கானிக்கூடச் சில நேரம் ஊகத்தில் பாகத்தை மாற்றுகிறார். குற்றம் முழுவதையும் அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

இதை முதலில் சொன்னது நான் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்வது போட்டியை நசுக்குகிறது என்பதே காரணம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012-லேயே மக்கள் வாக்களித்து, கார் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். இங்கே இணையதளம் வந்தது நல்ல தொடக்கம். ஆனால், நமக்கு வேண்டியது கஸ்டமர் கேர் எண் மட்டும் இல்லை. விற்பனை நிறுத்தப்பட்ட காரின் மேனுவலையாவது நியாயமான விலையில் எல்லோருக்கும் கொடு என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். தயாரிப்பதையே விட்டுவிட்ட எஞ்சினின் மேனுவலில் காப்பாற்ற என்ன ரகசியம் மிச்சம் இருக்கிறது?

சட்டம் வரும்போது வரட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஹோஸ்களை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, தேதியோடு வையுங்கள். நாளை ஏதாவது மாறினால், எது மாறியது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும். மெக்கானிக் அண்ணனும் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.